பன்னிரண்டாவது அசை

பாடத்திட்டக் குழு கூடிய அறையில்
மின்விசிறி ஒன்றுதான் பிரெஞ்சு பேசவில்லை.
பருவம் ஐந்து, கவிதை: பன்னிரண்டு பேர்.
பன்னிரண்டு பேரும் ஆண்கள்.
பதினோரு பேர் பாரிசில் புதைந்தவர்கள்,
ஒருவர் மட்டும் காற்று மாற்றத்துக்குத்
தெற்கே போய்ச் செத்தார்.
பதினேழு வருஷமாக இவர்களைக்
காரைக்காலில் நடத்துகிறேன்.
குறையொன்றும் சொல்ல மாட்டேன். சிலரை
மழை நாளில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே
அரசலாற்றுப் பாலத்தில்
நின்றுபோன ஸ்கூட்டியைத் தள்ளியிருக்கிறேன்.

வேறு யாரும் எழுதவில்லையா என்று
ஒவ்வொரு வருஷமும் ஒருத்தி கேட்பாள்.
"எழுதியிருந்தால் வந்திருக்குமே"
என்பது தனிஸ்லாஸ் ஸார் தயாராக வைத்திருக்கும் பதில்.
நான் கடைமடைக்காரி.
வாய்க்காலுக்குத் தண்ணீர் வராத வருஷம்
ஆற்றில் தண்ணீர் இல்லையென்று
அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.
எந்த மதகு, யார் கையில் சாவி
என்றுதான் கேட்பார்.

நான்கு பக்க ஜெராக்ஸை மேசையில் வைத்தேன்.
ஒலிம்ப் வீராப்பின். குவாதலூப் தீவு. தையல்காரி.
அச்சேறியது ஒரே புத்தகம், அதுவும் கைக்காசில்.
வீராப்பின் என்றால் வீரப்பன்;
இங்கே கப்பலேற்றியபோது
குமாஸ்தா காதில் விழுந்தது அவ்வளவுதான்.
கவிதை, முதலில் கப்பலேறியவளைப் பற்றி:
பகலில் கரும்பு வெட்டுகிறாள்,
இரவில் எண்ணுகிறாள்.
எதை எண்ணுகிறாள் என்று சொல்லவில்லை.

ஸார் மோதிர விரலால் மேசையைத் தட்டித்தட்டி
முதல் வரியை எண்ணினார்.
பதினொன்று.
மறுபடியும். பதினொன்று.
"பார்த்தீர்களா, நொண்டுகிறது.
பாவம், படிக்காதவள்.
வரலாற்றுத் துறைக்குக் கொடுத்துவிடலாம்."

மாணவர் பிரதிநிதியென்று ஒப்புக்கு உட்கார வைத்த ஜுலைஹா,
நிரவி பஸ்ஸில் தொங்கி வருகிறவள்,
பாதி சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு,
"ஸார், ஊமை எ" என்றாள்.

ஊமை எ என்பது
சொல்லின் கடைசியில் எழுதப்பட்டுப்
பேச்சில் விழுங்கப்படும் எழுத்து.
நம் குற்றியலுகரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
கவிதையில் மட்டும், வரி நடுவே,
அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால்
அதற்கு வாயுண்டு, ஓர் அசை உண்டு.
வரிக்கடைசியில் நின்றாலோ
அந்த இயைபுக்குப் பெண்பால் என்று பெயர்.
இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டுப்
பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டு வந்தவள் நான்.
எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க அஞ்சல்னு படிச்சீங்க.
அது தபால், ஸார்.
அவ பேரு அஞ்சலை.
எழுதினவருக்கு ஐ போட வழியில்ல,
கடைசியில ஒரு எ போட்டிருக்காரு.
அதையும் எண்ணுங்க."

மோதிரம் தட்டியது, இந்தமுறை மெதுவாக.
அஞ். ச. லை.
பன்னிரண்டு.

யாரும் கைதட்டவில்லை.
ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஸ்தனிஸ்லாஸ் என்ற பேரின் தலை
எங்கள் ஊர் வாயில் எப்போதோ உதிர்ந்ததை
நினைத்தாரா, தெரியாது.

தீர்மானம்: விருப்பப் பாடம்.
அகமதிப்பீட்டுக்கு மட்டும்.
ஒரு கவிதை, ஓராண்டு, சோதனையாக.
கையெழுத்துப் போட்டேன்.
முறைத் தண்ணீர் அப்படித்தான் வரும்,
நுரையும் செத்தையும் முன்னால்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து தமிழ்ப் பிரதி வந்தது.
வரிசை எண் பதின்மூன்று:
"அஞ்சல்", ஒலிம்ப் வீராப்பின்.
பேனாவை எடுத்து
ல் தலையிலிருந்த புள்ளியை அடித்தேன்.
அதற்கு முன்னால்
சங்கிலிக் கொம்பை நெருக்கிப் போட்டேன்.
அஞ்சலை.
எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்குப்
பயப்படவில்லை என்றும் பொருள்.